கரையில் நின்ற படகு

போன் அலறியது.

துருஸ்பெக் தேநீர்க் கிண்ணத்தை ஒரு கையில் பிடித்தபடியே போனை எடுத்தான். காதுக்குக் கொண்டு போவதற்குள் மறுமுனை கத்தியது.

"சீல் வெச்சுட்டாங்க தம்பி! என் விடுதிக்கு சீல் வெச்சுட்டாங்க! படகுக்கும் வெச்சுட்டாங்க!"

"யாரு பேசறது?"

"கல்முராத்! இஸ்ஸிக்-குல் ஏரி வடகரையில விடுதி நடத்தறேன். பிஷ்கெக் முழுக்க விசாரிச்சேன். சிவில் கேஸ்ல பிரதிவாதிக்குன்னு ஒரு ஆள் வேணும்னா அது துருஸ்பெக்தான்னு அத்தனை பேரும் சொல்றாங்க!"

துருஸ்பெக் சிரித்துக் கொண்டான். உண்மைதான். பதினான்கு வருடத் தொழிலில் அவன் ஒருமுறை கூட வாதிக்காக நின்றதில்லை. யாரோ போட்ட வழக்கை உடைப்பதில்தான் அவனுக்கு ருசி. அவன் பதில் மனு தாக்கல் செய்தால், எதிர்த்தரப்பு வக்கீல் சமரசம் பேச ஓடி வருவார்.

"பதட்டப்படாதீங்கண்ணே. கேஸ் போட்டது யாரு?"

"ஜிபெக்னு ஒருத்தி. பள்ளிக்கூட டீச்சர். அவ புருஷன் செத்ததுக்கு நான் நஷ்ட ஈடு தரணுமாம். கேஸ் முடியற வரைக்கும் நான் எதையும் விக்கக் கூடாதாம். ஆனா நான் வித்தாகணும்! அல்மாத்தியிலேர்ந்து வாங்கற பார்ட்டி வந்து உக்காந்திருக்கான்!"

"அவ புருஷன் எப்படிச் செத்தான்?"

மறுமுனையில் கல்முராத் குரலைத் தாழ்த்தினார்.

"ஏரியில... மூழ்கி."

"உங்க படகுலேர்ந்து விழுந்தா?"

"அப்படித்தான் எழுதியிருக்கா!"

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. துருஸ்பெக் கவனித்திருக்க வேண்டும்.

கவனிக்கவில்லை.

"வரேன்" என்றான்.

* * *

ஜூன் மாதத்து ஏரி, நீலமாய்ப் பளபளத்தது. எதிர்க்கரை மலைகளில் இன்னும் பனி. ஆனால் கல்முராத்தின் விடுதி வாசலில் ஒரு சுற்றுலாக் கார் கூட இல்லை. கதவில் நீதிமன்றத்தின் காகிதம் ஒட்டியிருந்தது.

ஐம்பதைத் தாண்டிய கல்முராத், பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பொரித்த மீனும் ரொட்டியும் மேஜைக்கு வந்தன. துருஸ்பெக் மீனைத் தொடாமல் ஜிபெக்கின் பிராதைப் படித்தான்.

'ஏப்ரல் மாதம் பிரதிவாதி தன் மோட்டார் படகில் என் கணவர் இஷெனை, மிதவை போடுவதற்காக ஏரிக்குள் அழைத்துச் சென்றார். உயிர்காப்பு உடை கொடுக்கவில்லை. என் கணவர் வழுக்கி விழுந்து மூழ்கி இறந்தார். படகின் உரிமையாளர் என்ற முறையில் பிரதிவாதியே பொறுப்பு...'

"இந்தக் கதையை அவளுக்கு யார் சொன்னது?"

"ஊர்ல பேசிக்கறாங்க." கல்முராத் ரொட்டியைப் பிய்த்தார். வாயில் போடவில்லை.

"சரி, நம்ம கையில என்னென்ன இருக்குன்னு பாப்போம்." துருஸ்பெக் சுண்டு விரலை மடக்கினான். "ஆள் குடிச்சிருந்தான்..."

"குடிக்க மாட்டான். அஞ்சு வேளை தொழுகைக்காரன். ஊருக்கே தெரியும்."

அடுத்த விரல்.

"உயிர்காப்பு உடை குடுத்தோம். அவன்தான் போட்டுக்கலை."

"அப்படிச் சொன்னா சீல் போயிடுமா?"

"போகாது. அவன் மேலயும் தப்பு இருக்குன்னு நஷ்ட ஈட்டைக் குறைப்பாங்க. கேஸ் நிக்கும்."

"குறைக்கறதெல்லாம் வேணாம் தம்பி! கேஸே இல்லாமப் போகணும்!"

"திடீர்னு புயல் வந்துச்சு, யார் கையிலயும் இல்லாத விஷயம்னு சொல்லலாமா?"

"அன்னைக்கு ஏரி கண்ணாடி மாதிரி இருந்துச்சு."

"கேஸ் போட காலம் கடந்துடுச்சுன்னு சொல்ல வழியே இல்ல. செத்து ரெண்டு மாசம்தான் ஆச்சு." துருஸ்பெக் மடக்கிய விரல்களை உதறினான். "படகைக் காட்டுங்க."

மரத்துறையில் படகு ஆடிக்கொண்டிருந்தது. கயிற்றில் அரக்கு முத்திரை. துருஸ்பெக் கோட்டைக் கழற்றிவிட்டு உள்ளே குதித்தான். பின்பக்கம் குனிந்தவன், இன்ஜினைப் பிடித்திருந்த மரையாணிகளைப் பார்த்தான். கீறல் கூட இல்லாமல் மின்னின.

"இன்ஜின் நல்லா இருக்கே!"

"இருக்காதா பின்னே?" கல்முராத்தின் குரலில் பெருமை வழிந்தது. "குளிர்காலம் முழுக்க பாலிக்ச்சி ஊர்ல ஃபியோதர் பட்டறையில பிரிச்சுப் போட்டு வேலை பாத்தது. மே மாசம்தான் மாட்டினேன். ஒரு உறுமல் உறுமினா..."

சட்டென்று நிறுத்தினார்.

துருஸ்பெக் நிமிர்ந்தான்.

"மே மாசமா?"

கல்முராத் பார்வையைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினார்.

"இஷென் செத்தது ஏப்ரல்ல!"

கல்முராத்தின் முகம் வெளுத்தது.

"அண்ணே! அன்னைக்கு இந்தப் படகுல இன்ஜினே இல்லியா?"

"அதை விட்டுரு தம்பி."

"விடறதா?! படகு ஏரிக்குள்ள போகவே இல்லைன்னா பிராதோட அடி வேரே போச்சு! இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"இன்ஜின்... வரி கட்டாம எல்லை தாண்டிக் கொண்டு வந்தது. வெளிய தெரிஞ்சா சிக்கல்."

துருஸ்பெக் விழுந்து விழுந்து சிரித்தான். "இதுக்கா பயந்தீங்க? அது அபராதத்தோட போயிடும். இது உங்க விடுதி!" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு வக்கீலாகக் கேட்டான்: "ஒண்ணே ஒண்ணு. மறைக்காமச் சொல்லுங்க. போலீஸ்ல நீங்க ஏதாவது வாக்குமூலம் குடுத்தீங்களா?"

"இல்ல." பதில் வேகமாக வந்தது. "கரையில பொணம் ஒதுங்கிச்சு. வந்து பாத்தாங்க. விபத்துன்னு அவங்களே எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. ஃபைலும் மூடியாச்சு."

"அப்ப அவன் எப்படி மூழ்கினான்?"

"எனக்கெப்படித் தெரியும்? அவன் முக்குளிக்கறவன். மூச்சடக்கி ஏரிக்கடியில போறவன். போனான்... வரலை!"

கல்முராத்தின் சட்டைப்பையில் போன் அடித்தது. அல்மாத்திக்காரர். அவர் குரல் துருஸ்பெக் நின்ற இடம் வரை கேட்டது. இந்த வாரத்துக்குள் சீல் போகாவிட்டால் வேறு விடுதி பார்த்துக் கொள்வாராம்.

கல்முராத் போனை வைத்தார். தண்ணீரையே வெறித்தார். உதடுகள் அசைந்தன.

"அது வேற ஆபீஸ்... இது வேற ஆபீஸ்..."

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல தம்பி. நீ சொன்னபடியே செய். இன்ஜின் இல்லைன்னே சொல்லிடு."

* * *

பாலிக்ச்சிப் பட்டறையில் ஃபியோதர், கிரீஸ் கையோடு எதிரே நின்றார். நெட்டையான கிழ ரஷ்யர். முதலில் தலையை ஆட்டி மறுத்தார்.

"வாடிக்கையாளர் விஷயத்தை நான் வெளியில பேசறதில்ல."

"நான் கல்முராத்தோட வக்கீல்தான். போன் போட்டுத் தரேன், நீங்களே கேளுங்க."

கேட்டார். தலையாட்டினார். அதற்குப் பிறகு மடை திறந்தது.

"வீடியோவே இருக்கு, பாருங்க. நான் பிரிக்கற இன்ஜினையெல்லாம் படம் புடிச்சுப் போடுவேன். இத்தனை பேர் பாக்கறாங்க!"

இணையத்தில் ஏற்றிய தேதியோடு ஓடியது காணொளி. சங்கிலியில் தொங்கும் இன்ஜின். ஃபியோதர் அதன் எண்ணைத் துடைத்துக் காட்டி, "இது வடகரைக் கல்முராத்தோடது. இவரு மாதிரி இன்ஜினைக் கெடுக்க ஆளில்ல!" என்று கேலி செய்கிறார்.

இஷென் இறந்த அதே நாள்!

துருஸ்பெக்குக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. அன்றே பதில் மனுவை எழுதினான். சட்டப்படி ஒரு நகலை வாதிக்குக் கொடுக்க வேண்டும். அவனே கொண்டு போனான். எதிராளியின் முகம் வாடுவதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ஜிபெக்கின் வீட்டு முற்றத்தில், கொடியில் ஒரு கறுப்பு முக்குளிப்பு உடை தொங்கியது. ஆள் இல்லாமல், காற்றில் கைகால்களை ஆட்டிக்கொண்டு. துருஸ்பெக் பார்வையை வேறு பக்கம் திருப்பினான்.

ஜிபெக் வந்தாள். முப்பத்தெட்டு வயதிருக்கும். கண்களுக்குக் கீழே கருவளையம். நின்றபடியே மனுவைப் படித்தாள். முதல் பக்கம்... இரண்டாம் பக்கம்...

முகம் வாடவில்லை.

"இதைக் கோர்ட்ல நிரூபிச்சிருவீங்களா?"

"ஆளும் இருக்கு, வீடியோவும் இருக்கு."

"படகு அன்னைக்குப் போகலைன்னு... என் புருஷன் அதுல ஏறவே இல்லைன்னு?"

"ஆமாம்மா. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். கேஸை இப்பவே வாபஸ் வாங்கிட்டா செலவாவது மிச்சம்."

"வாங்க மாட்டேன்."

குரலில் பிடிவாதம். அவள் பிடிவாதம் அவனுக்கு எரிச்சலூட்டியது.

"வக்கீல் சார், என் புருஷனுக்கும் உங்க கட்சிக்காரருக்கும் என்ன சண்டைன்னு அவர் சொன்னாரா?"

"சண்டையா?"

"விடுதியோட சாக்கடைக் குழாய் மண்ணுக்கடியில ஓடி ஏரிக்குள்ள போய்த் திறக்குது. இஷென் முக்குளிச்சு அதைக் கண்டுபிடிச்சாரு. 'மூடு, இல்லைன்னா அதிகாரிங்ககிட்ட போவேன்'னு அவர்கிட்டயே நேரா போய்ச் சொன்னாரு. அப்படிச் சொல்லப் போனவர்தான்... திரும்பி வரலை."

துருஸ்பெக் தொண்டையைச் செருமிக் கொண்டான்.

"பிராதுல இதெல்லாம் நீங்க எழுதலையே?"

"எழுதலை."

"அப்ப அது இந்தக் கேஸுக்கு வெளிய. எனக்கு அது தேவையில்ல."

அவள் அவனை நிதானமாகப் பார்த்தாள்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு வெறும் வாயோட போகக் கூடாது. ரொட்டியை ஒரு வாய் பிட்டுட்டுப் போங்க. பகையாளியா இருந்தாலும் எங்க வீட்டு வழக்கம் அதுதான்."

பிட்டு வாயில் போட்டான். மென்றுகொண்டே வாசலுக்கு நடந்தான்.

காரில் ஏறி உட்கார்ந்தும் சாவியைத் திருப்பவில்லை. அங்கிருந்தே கல்முராத்துக்குப் போன் போட்டான்.

"அண்ணே! இஷென் அன்னைக்கு உங்களைப் பாக்க வந்தானா?"

"அவ ஏதாவது ஓதினாளா?" சீறினார். "உன் வேலை கேஸை உடைக்கறது! உடை!"

வைத்துவிட்டார்.

துருஸ்பெக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக் கொண்டான். ஒரு நிமிடம் அவனுக்குத் தன்னையே பிடிக்கவில்லை. பிறகு சாவியைத் திருப்பினான். தோற்காத வக்கீல் என்ற பெயர், அவ்வளவு சீக்கிரம் ஒருவனை விட்டு இறங்குவதில்லை.

* * *

நீதிமன்றம்.

சிறிய அறை. ஜன்னல் வழியாக ஏரியின் வெளிச்சம். நீதிபதி சகினோவா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். ஜிபெக் தனியாக நின்றாள். வக்கீல் இல்லை.

ஃபியோதர் சாட்சி சொன்னார். காணொளி ஓடியது. அவருடைய கேலியைக் கேட்டு எழுத்தர் கூட வாயைப் பொத்திக் கொண்டார்.

துருஸ்பெக் எழுந்தான்.

"கனம் நீதிபதி அம்மா! படகோட உரிமையாளர் பொறுப்புன்னா, முதல்ல படகு ஓடியிருக்கணும். இன்ஜின் பாலிக்ச்சியில! படகு கரையில! இல்லாத பயணத்துக்கு நஷ்ட ஈடு கேக்கறாங்க!"

நீதிபதி ஜிபெக்கின் பக்கம் திரும்பினார்.

"நீங்க பிரதிவாதியைக் கேள்வி கேக்கலாம்."

ஜிபெக் இரண்டடி முன்னால் வந்தாள். கல்முராத் சாட்சிக் கூண்டில் வியர்த்துக் கொண்டிருந்தார்.

"அன்னைக்கு உங்க படகு தண்ணியில இறங்குச்சா?"

"இறங்கலை."

"என் புருஷன் அதுல ஏறினாரா?"

"ஏறலை."

"அவர் படகுலேர்ந்து விழுந்ததை நீங்க உங்க கண்ணால பாத்தீங்களா?"

கல்முராத் வாயைத் திறந்தார்.

மூடினார்.

கண்கள் துருஸ்பெக்கைத் தேடின.

'என்ன தயக்கம்?' என்று துருஸ்பெக் யோசித்தான். 'ஓடாத படகுலேர்ந்து எவன் விழுவான்? இந்த ஒரு பதில்ல தடுமாறினா எல்லாம் போச்சு!' மேஜைக்கு மேலே உடம்பை வளைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான்.

"இல்லைன்னு சொல்லுங்கண்ணே!"

"இல்ல" என்றார் கல்முராத். குரல் கரகரத்தது. "பாக்கலை."

"பதிவாயிடுச்சா?" என்று எழுத்தரைக் கேட்டாள் ஜிபெக்.

"ஆச்சு."

"எனக்கு வேற கேள்வி இல்ல அம்மா. பிரதிவாதி சொன்னது அத்தனையும் நிஜம்னு நான் ஒத்துக்கறேன்."

நீதிபதி நிமிர்ந்தார். "ஒத்துக்கிட்டா உங்க வழக்கு தோத்துடும். தெரியுமா?"

"தெரியும்."

தன் பக்கம் ஜெயிக்கும்போது துருஸ்பெக்குக்கு எப்போதும் காதில் ஒரு ரீங்காரம் கேட்கும். இன்று கேட்கவில்லை. இவள் ஏன் அழவில்லை?

நீதிபதி உள்ளே போய் வந்து தீர்ப்பை வாசித்தார். பிரதிவாதியின் படகு அன்று ஏரியில் இயக்கப்படவில்லை என்பது நிரூபணம். வழக்கு தள்ளுபடி. சொத்தின் மீதான தடை நீக்கம்.

"தம்பீ!" கல்முராத் அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். "நீ சிங்கம்டா! இன்னைக்கே ஆட்டை வெட்டறேன்! அல்மாத்திக்காரனைக் கூப்பிடு!"

ஜிபெக் அவர்களைக் கடந்து போய் அறைக் கதவைத் திறந்தாள்.

"முடிஞ்சுது. உள்ள வாங்க மேஜர்."

சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவர், கையில் ஒரு டேப்லெட்டோடு நுழைந்தார். பின்னால் இரண்டு சீருடைகள்.

கல்முராத்தின் பிடி தளர்ந்தது.

"நல்லா இருக்கீங்களா கல்முராத்?" போலீஸ் மேஜர் அஸ்கர் நெருங்கினார். "ஏப்ரல்ல பாத்தது. ஞாபகம் இருக்கா? வக்கீல் சார், நீங்களும் பாருங்க. உங்க கட்சிக்காரர் நல்லா நடிப்பாரு."

திரையைத் தட்டினார்.

அதே மரத்துறை. அதே படகு. அதற்குள் நின்று கல்முராத் கையை ஆட்டிப் பேசுகிறார்: 'இந்த ஓரத்துலதான் இஷென் உக்காந்திருந்தான். நான் ஓட்டிக்கிட்டிருந்தேன். மிதவையைப் போடக் குனிஞ்சான்... வழுக்கிட்டான்... என் கண்ணு முன்னாடி மூழ்கிட்டான் சார்!'

'அது வேற ஆபீஸ், இது வேற ஆபீஸ்' என்று அவர் முணுமுணுத்தது போலீஸையும் கோர்ட்டையும்தான் என்று துருஸ்பெக்குக்கு இப்போதுதான் புரிந்தது.

"வாக்குமூலமே குடுக்கலைன்னீங்களே!"

"நேர்ல பாத்த ஒரே சாட்சி இவர்தான்" என்றார் மேஜர். "நம்பினோம். விபத்துன்னு மூடினோம். இன்ஜினோட மேல் உறையைப் போட்டு மூடியிருந்ததால, உள்ள இன்ஜின் இருக்கான்னு பாக்கத் தோணலை. அது என் தப்பு. இந்த அம்மா பத்து தடவை வந்து அழுதாங்க. சாட்சி சொன்னது பொய்னு காட்ட ஏதாவது கொண்டாங்க, திறக்கறேன்னேன்."

"இன்ஜின் இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்றாள் ஜிபெக். "சாகறதுக்கு முந்தின நாள் இஷெனே சொன்னாரு. பட்டறைக்குப் போனேன். வாடிக்கையாளர் விஷயம், பேச மாட்டேன்னு அனுப்பிட்டார் இவர். வீடியோ இருக்கறதே எனக்குத் தெரியாது."

ஃபியோதர் தலையைக் குனிந்து கொண்டார்.

"என்கிட்ட பேச மாட்டார். கல்முராத்தோட வக்கீல்கிட்ட பேசுவார் இல்லியா? அதான் கல்முராத் போலீஸ்ல சொன்ன பொய்யையே அப்படியே எழுதிக் கேஸ் போட்டேன். விடுதியைக் காப்பாத்தணும்னா, அந்தப் பொய்யை அவரே உடைச்சாகணும். கெட்டிக்கார வக்கீலா புடிப்பாருன்னு நினைச்சேன்." துருஸ்பெக்கைப் பார்த்தாள். "புடிச்சாரு."

"படகு போகலை. அதுலேர்ந்து யாரும் விழலை. கோர்ட்டே சொல்லிடுச்சு." மேஜரின் குரல் இறுகியது. "அப்ப பொணம் ஏரிக்குள்ள எப்படிப் போச்சு? எதுக்கு இப்படி ஒரு கதை கட்டினீங்க?"

கல்முராத்தின் பெரிய உடம்பு அப்படியே பெஞ்சில் சரிந்தது.

"குழாயைப் பத்தி வெளிய பேசாதேன்னுதான் சொன்னேன்... கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன்... கேக்கலை... ஸ்பேனரால ஒரே அடி..."

"அண்ணே! வாயை மூடுங்க!" துருஸ்பெக் கத்தினான்.

"மூச்சு இருந்துச்சு... அதோடதான் தண்ணியில..."

அப்போதுதான் ஜிபெக் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை நாள் தேக்கி வைத்திருந்த அழுகை, சத்தமில்லாமல் உடம்பைக் குலுக்கியது. நீதிபதி மேடையிலிருந்து இறங்கி வந்து, தன் தண்ணீர்க் குவளையை அவள் கையில் கொடுத்தார்.

துருஸ்பெக் அவளைப் பார்த்தான். 'அது இந்தக் கேஸுக்கு வெளிய' என்று அவளிடம் சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

விலங்கு மாட்டிய கைகளோடு கல்முராத் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"படுபாவி! உன்னை நம்பித்தானேடா வந்தேன்! இந்தத் தீர்ப்பை ரத்து பண்ணு! அப்பீல் போடு! இப்பவே போடு!"

துருஸ்பெக் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான். காலரைச் சரி செய்து கொண்டான்.

"வழியில்லண்ணே. தோத்தவங்கதான் அப்பீல் போகலாம்... நாமதான் ஜெயிச்சுட்டோமே!"